ரேகை தெளிவில்லை

பாரிமுனையில் ஐகோர்ட்டு மதில் நிழல்
பத்தரை மணிவரை விழும் இடத்தில்
என் பாய், என் பெட்டி, என் மைக்கூடு.
அர்ஜி ஒன்றுக்கு இரண்டணா.
மகாராஜராஜஸ்ரீ என்று தொடங்கினால்
தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன் என்று முடிய வேண்டும்.
நடுவில் வருகிற நாலு வரிக்குத்தான்
ஜனங்கள் தண்டையார்பேட்டையிலிருந்து நடந்து வருகிறார்கள்.

அன்று கச்சேரி குமாஸ்தா ஏகாம்பரம்
நாலு பக்கம் இங்கிலீஷைக் கொண்டுவந்து போட்டார்.
சீமையில் யோசிக்கிறார்களாம்:
சமுத்திரத்துக்கு அப்பால் தங்களுக்குள்ள தேசங்களில்
குறை கேட்பதற்கென்றே
ஓர் உத்தியோகஸ்தரை வைக்கலாமா என்று.
“தமிழ்ப்படுத்திக் கொடும். பக்கத்துக்கு மூணணா.”

அந்த உத்தியோகத்துக்கு என்னிடம் பெயர் இல்லை.
கொத்தவால் என்றால் சந்து காலியாகிவிடும்.
குறைகேட்பான் என்று எழுதி அடித்தேன்,
மரியாதை போதவில்லை.
முறைகேட்பார் என்று எழுதினேன்.
தள்ளிவைத்துப் பார்த்தால்
கண் அதை முறைகேடு என்று வாசித்தது.
அதையும் அடித்தேன்.

ஆராய்ச்சி மணி ஞாபகம் வந்தது, எல்லாருக்கும் வருவதுபோல.
அந்தப் பசு ஸ்டாம்பு ஒட்டவில்லை.
வாய்தா வாங்கவில்லை.
ஆனால் தெரு அரசனுடையது, தேர் அரசன் மகனுடையது,
மணி அரண்மனை வாசலில்.
லண்டனில் கட்டுகிற மணிக்கு
கயிறு கொருக்குப்பேட்டை வரை எட்டுமா?

துலுக்காணம் அப்போதுதான் வந்தாள்.
பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. மூன்றாம் தடவை, அதே அர்ஜி.
சாயப்பட்டறைக் கழிவு கால்வாயில் விழுகிறது,
வெளுக்கப் போட்ட துணி நீலமாகத் திரும்புகிறது,
துரைசானி வீட்டு விரிப்பு ஒன்றுக்காக
அவள் கூலியில் மூன்று ரூபாய் பிடித்தம்.
பட்டறை யாருடையது என்று மட்டும்
எழுத வேண்டாமே என்றேன்.
எழுதுய்யா என்றாள்.
எழுதினேன், கொஞ்சம் சின்ன எழுத்தில்.

மை காயட்டும் என்று
சீமைக் காகிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.
வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்.
“நல்ல ரோசனதான்.
அந்தாளுக்கு சம்பளம் யாரு குடுப்பா?”
சர்க்கார்.
“பட்டறைக்கு லைசென்சு?”
சர்க்கார்தான்.
“அப்போ அவரு யாருகிட்ட கேப்பாரு?
கண்ணாடி எதுர நின்னுக்கினா?”
கட்டைவிரலைத் தாளில் அழுத்திவிட்டு
மூட்டையைத் தலைக்கு ஏற்றினாள்.
நான் நீட்டிய மைத்தட்டு அப்படியே நீண்டிருந்தது.

அவள் கேள்வியை
தமிழ்ப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிட்டேன்.
இது மூலத்தில் இல்லை என்று
ஒரு ஷரா போட்டிருக்கலாம். போடவில்லை.
ஏகாம்பரம் பக்கத்தை எண்ணினார், காசை எண்ணினார்,
வாசிக்கவில்லை.

பதினேழாம் நாள் அர்ஜி திரும்பிவந்தது.
ஓரத்தில் சிவப்பாக:
“ரேகை தெளிவில்லை. மை முறைப்படியானதல்ல.
மனுதாரர் புது மனு போட்டுக்கொள்ளலாம்.”
சவக்காரமும் சுண்ணாம்பும் தின்ற விரல் அது.
வரி என்று ஒன்றுமில்லை,
வட்டமாக நீலம் மட்டும்.
குறையையே கையெழுத்தாக வைத்திருக்கிறாள்.
அதை எந்த விதியின் கீழ் எடுத்துக்கொள்வது
என்று அவர்களுக்கும் தெரியவில்லை போலும்.

சீமைக் காகிதம் என்னவாயிற்று என்று கேட்டேன்.
“யோசிக்கிறார்கள்” என்றார் ஏகாம்பரம்,
குடையை விரித்துக்கொண்டே.
“கமிட்டி ஒன்று போட்டு யோசிக்கிறார்கள்.”

அவள் வருவதற்குள் புதுத்தாள் எடுத்து வைத்தேன்.
பழையதை மடிப்புப் பிரித்துப் பார்த்தேன்.
உலராத விரலோடு யாரோ மடித்திருக்க வேண்டும்;
இன்னொரு நீலம்,
முதலாவதைவிட மங்கலாக,
நான் சின்னதாக எழுதிய பெயரின் மேல்
உட்கார்ந்திருந்தது.