துளையருகே பூச்சிகள்

ஹவ்ரானெக் ஐயா,
உங்கள் கருவி ஆறு புள்ளி இரண்டு என்றது.
கண்ணாடியில் மூச்சுப் படிய
இருமுறை படித்துக் காட்டினீர்கள்.
"மார்ச் வரை கவலையில்லை, திருமதி யெலின்கோவா.
வாய்க்கால் பலகையைத் தொடாதீர்கள்.
அடியில் உறங்கும் கெண்டையை
ஓட்டம் எழுப்பிவிடும்."
ரசீதில் கையெழுத்திட்டேன்.
உங்கள் கார் பிர்ச் மரங்களுக்குள் போய் மறைந்தது.

எனக்குப் போக வேறு இடமில்லை.
என் சமையலறை ஜன்னலே குளத்தைப் பார்த்துத்தான்.

வில்லோ மரத்தடித் துளையில்
பால்மேல் போல மறுபடி ஏடு கட்டியிருந்தது.
குச்சியால் உடைத்தேன்.
ஒரு நீர்வண்டு மேலே வந்தது.
ஒன்று வரலாம், ஒன்றுக்கு ஆயிரம் காரணம்.
பிறகு துடுப்புக்கால்காரர்கள் மூவர்.
பிறகு நான் பெயரறியாத சாம்பல் பூச்சிகள்,
ரொட்டிக்கடை திறக்குமுன் நிற்பவர்கள்போல
ஒருவர் தோளில் ஒருவர் ஏறி.

குப்புறப் படுத்து மூக்கை வைத்தேன்.
அழுகல் இல்லை.
போன வாரத்து மணமும் இல்லை.

நான் பார்ப்பதெல்லாம் சரியென்று சொல்லமாட்டேன்.
இரண்டு கோடைக்கு முன்
மேக நிழலை நோயென்று பயந்து
அரைக்குளத்தை வடித்தவள் நான்.
வ்லாஸ்தா அதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறாள்.
அன்றிரவும் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது,
கெட்டில் கொதிக்கக் கொதிக்க.

ஆனால் ஐயா,
உங்கள் கம்பி இறங்கியது
ஓடை நுழையும் மூலையில்.
கார் அங்கேதான் நிற்கும், பாதை அங்கேதான்.
அங்கே தண்ணீர் எப்போதும் இளசு.
ஆறு புள்ளி இரண்டு பொய்யில்லை,
அந்த மூலையின் உண்மை அது.

உறைந்த பலகைமேல் வெந்நீர் ஊற்றினேன்.
ஒன்றை உருவினேன்.
யோசித்து இன்னொன்றையும்.
வெளிச்சம் உள்ளே போகட்டுமென்று
விளக்குமாற்றால் பனியைப் பட்டை பட்டையாகப் பெருக்கினேன்.
அடிக்கவில்லை, இடிக்கவில்லை.
காலணியில் சாக்குத் துணி சுற்றி நடந்தேன்,
தொட்டில் இருக்கும் அறையில் நடப்பதுபோல.

ஏப்ரலில் வலை இழுத்தபோது
நானூற்றுப் பன்னிரண்டில் மூன்றுதான் குறைந்தது.
'அளவீடு சரியாக இருந்தது' என்று
அறிக்கை அனுப்பினீர்கள்.
இருக்கலாம்.
நான் பலகையைத் தொடாமல் தூங்கிப்போன
இன்னொரு குளம் என்னிடம் இல்லையே
ஒப்பிட்டுப் பார்க்க.

என்னிடம் இருப்பது ஐந்தாம் நாள் காலை.
ஏட்டை உடைத்தேன்.
காத்திருந்தேன், விரல்கள் மரத்துப்போகும்வரை.
கறுப்பாக, வெறுமையாகத் தண்ணீர்.
யாரும் வரவில்லை.
யாரும் வராததற்கு
நான் அவ்வளவு மகிழ்ந்தது
அதுவே முதல்முறை.