கண்ணின் தரை

பனியுருண்டைக்குள் ஒரு கல் உறைந்திருந்தது.
தெரியாது என்கிறான் நிக்லாவ்ஸ்.
நம்புகிறேன். ஒன்பது வயது, குறி தவறாத கை.

ரீகாவில் பதினாறு வருடமாக டிராம் ஓட்டுகிறேன்.
மறுநாள் பணிமனை வாசலில்
தண்டவாளம் இரண்டு ஜோடியாய்க் கிடந்தது.
அண்ணாந்தால் மின்கம்பியும் இரண்டு.

டாக்டர் லிகிதா ஸ்கேனைத் திருப்பிக் காட்டினாள்:
கண் உட்கார்ந்திருக்கும் தரை
முட்டையோடு போல மெல்லிசாம்.
அது உடைந்து, பிளவில் தசை மாட்டியிருக்கிறது,
டிராம் கதவில் மாட்டிய கோட்டு நுனி மாதிரி.
எனக்குச் சிரிப்பு வந்தது.
எத்தனை கோட்டுகளை விடுவித்திருப்பேன்.

வலது கண்குழியை அளந்து
கண்ணாடியில் விழுந்தாற்போல் இடம் வலம் மாற்றி
டைட்டானியம் வலையொன்றை வளைத்தார்கள்.
கீழிமையின் உட்புறமாய் நுழைத்தார்கள்.
வெளியே ஒரு கீறல் இல்லை.
இப்போது என் இடது கண்
வலதின் பிம்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

மூன்று வாரம் மூக்குச் சிந்தக் கூடாது என்றார்கள்.
அழுவதென்றாலும் யோசித்துத்தான் அழ வேண்டியிருந்தது.

அவன் என் வலப்பக்கமாகவே வந்து உட்கார்ந்தான்.
பீட்ரூட் சூப், கம்பு ரொட்டி, கணக்கு வீட்டுப்பாடம்,
எல்லாம் வலப்பக்கம்.

தண்டவாளம் ஒரு ஜோடிக்குத் திரும்பிவிட்டது.
கன்னம்தான் இன்னும் மரத்துக் கிடக்கிறது,
நரம்புக்கு நாளாகுமாம், ஒரு வருடம்கூட.

நேற்றிரவு
நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து
இடது கன்னத்தில் முத்தமிட்டுப் போனான்.
பட்டது தெரியவில்லை.
சத்தம் மட்டும் கேட்டது.