இரண்டாவது முதல்

பழையது பரவவில்லை என்றார் டாக்டர்.
இது வேறு. தொடையில் தானாக முளைத்தது.
இதுவும் முதல்தான்.
பதினோரு வருடம் முன்பு மார்பில் வந்ததும் முதல்தான்.

மஸ்ஜித் பந்தரில்
கிராம்பு, ஏலக்காய் மொத்தக் கடையில்
கணக்கெழுதுகிறவள் நான்.
ஒரு கடையில் இரண்டு முதல் என்றால்
பங்காளி யார் என்றுதான் கேட்பேன்.

அதையேதான் கேட்டாள்
பரேல் ஆஸ்பத்திரி நாலாம் மாடியில்
மிருணாள் என்கிற பெண்,
பென்சிலும் அடிக்கோலுமாக.
பெண்ணுக்கு வட்டம். ஆணுக்குச் சதுரம்.

அத்தை?
தலைக்குள் செய்வினை என்றார்கள்.
எத்தனை வயதில்?
முப்பத்தெட்டு.
வட்டம் கறுப்பானது.

சித்தப்பா?
பந்து விளையாடி முழங்காலில் அடி,
கட்டி வற்றவே இல்லை.
பதினேழு.
சதுரம் கறுப்பானது.

அப்பா?
சயான் சர்க்கிளில் லாரி. முப்பது வயது.
அவருக்கு நோய்வர நேரமே இருக்கவில்லை.
ஆனாலும் சதுரத்தின் நடுவே
ஒரு புள்ளி வைத்தாள்:
இவர் வழியாகத்தான்.

ஒற்றைக் காசு விட்டுப்போகவில்லை மனுஷன்
என்று அம்மா சாகும்வரை சொன்னாள்.

ஒரு பக்கம் கூட்டலில் தப்பினால்
அடுத்த பக்கம் அந்தத் தப்பைத் தலையில் வைத்துத்தான்
தொடங்கும். திருத்த மை கிடையாது.
பார்த்துக்கொண்டே இருக்கலாம், என்றாள்,
வருடா வருடம், உச்சி முதல் பாதம் வரை.

தம்பிக்குப் போன் செய்தேன்.
‘மார்ச்சில் ஷீபாவுக்குக் கல்யாணம்.
பரிகம் போட்டாச்சு.
ரத்தம் கித்தம்னு வாயத் தொறக்காதக்கா.’
பின்னால் பிரஷர் குக்கர் மூன்று முறை கூவியது,
அதுவரை இருவரும் பேசவில்லை.

சிவ்ரியில் லேடீஸ் பெட்டியில் ஏறினேன்.
உள்ளே ஷீபா. அவளுக்கு யார் சொன்னார்கள் தெரியாது.
என் பையிலிருந்து தாளை அவளாகவே எடுத்தாள்,
ஓரத்தில் வெறும் வட்டம் ஒன்றில் விரல் வைத்து
‘அத்தை, இது நானா?’
ஆமா.
‘இவ்ளோ சின்னதாவா இருக்கேன்?’

கிளிப் விற்கிறவள் வந்தாள்.
இருபது சொன்னதைப் பதினைந்துக்குப் பேசி
பச்சையில் ஒன்று, மெரூனில் ஒன்று எடுத்தாள்.
மெரூன் எனக்காம்.
கீமோவில் கொட்டி மறுபடி முளைத்த முடி,
இன்னும் ஒரு மாதமாவது இருக்கும்.

கோலிவாடா வர எழுந்தவள்
கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்:
‘சனிக்கிழமை அந்த மிருணாள் இருப்பாங்களா?
அப்பாட்ட சொல்லாதீங்க.’

சனிக்கிழமை
கடையில் சரக்கு எண்ணுகிற நாள்.
சேட்டிடம் லீவு கேட்க வேண்டும்.