பெயர் முதலில்

ஆக்குரேரி மருத்துவமனையின் அடித்தளம்.
வெளியே மைனஸ் பதினொன்று. சர்வர்களுக்குப் பதினெட்டு.
எனக்கு ஒரு சால்வை.
மணி மூன்றுக்கு மேலேயிருந்து ஸ்டைன்வோர்:
"பெயரைத் தட்டினால் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஹால்பெரா."

ஒக்ஸ்னதால் மேட்டில் பனி வாரும் வண்டிக்காரன்
கண்டெடுத்து வந்த பெண்.
உதடெல்லாம் நீலம். ஒரே ஒரு சொல் சொன்னாளாம்: லியோட்டுன்.
அவள் பெயராக இருக்க வேண்டும்,
இல்லை, அவள் நாயின் பெயராக.

மென்பொருள் கோபன்ஹேகனில் வாங்கியது.
ஒழுங்கான மனிதர்கள்.
குடும்பப் பெயர், அடுத்து இட்ட பெயர், அடுத்து பிறந்த நாள்,
மூன்றையும் ஒரே சரட்டில் கோத்து
கூட்டு இன்டெக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள்.
எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்?
அப்பன் பெயருக்குப் பின்னால் மகள் என்று ஒரு வால்.
டெலிபோன் புத்தகத்தையே
இட்ட பெயர் வரிசையில் அச்சடித்த நாடு இது.
சரட்டின் தலைமணி தெரியாத கைக்கு
இரண்டாம் மணி அகப்படாது.
அதனால்தான் எந்திரம், பாவம்,
மூன்று கோடி வரிகளை
(ஒவ்வொரு ரத்தச் சோதனைக்கும் ஒரு வரி)
முதலிலிருந்து எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறது.

வேறு வழியே இல்லையா என்கிறாள்.
இருக்கிறது.
வரிகள் வட்டில் படுத்திருப்பது தேசிய எண்ணின் வரிசையில்.
ஒரு அட்டவணைக்கு அப்படி ஒரு வரிசைதான்,
ஒரு உடம்பு ஒரு நேரத்தில் ஒரு பக்கமாகத்தானே படுக்கும்.
எண் கிடைத்தால் இமைப்பொழுது.
விறைத்த நாக்குக்குப் பத்து இலக்கம் அதிகம்.

கைவளையத்துப் பார்கோடுக்கு ஹாஷ் உண்டு.
அதேதான் என்றால் உடனே கதவு திறக்கும்;
அதைப்போல, அதற்கும் இதற்கும் நடுவே
என்றெல்லாம் பேசினால் காது கேளாது.
இவள் மணிக்கட்டில் பனிதான் இருந்தது.

பெண் என்று தேடலாமே என்கிறாள்.
தேடலாம். பாதித் தீவு எழுந்து நிற்கும்.

ஆக, ஒரு வரிக் கட்டளை.
ஆனால் கட்டி முடியும்வரை யாரும் எதுவும் எழுத முடியாது.
யாரையும் நிறுத்தாமல் கட்டவும் முடியும்,
அதற்கு இரட்டிப்பு நேரம், அவளுக்கு அது இல்லை.
பிரசவ அறைக்குப் பேசினேன்.
"தலை தெரிகிறது," என்றாள் ஒட்ரூன்.
"பிறந்தால் காகிதத்தில் எழுதிவை. ஆறு நிமிடம்."
"எடையையுமா?"
"எடையையும்."

என்டரை அழுத்தினேன்.
மரம் அரிதான இந்த மலையடியில்
வேர் மேலும் இலை கீழுமாக
ஒரு மரம் வளர்ந்தது.
இனி வரும் ஒவ்வொரு வரிக்கும்
இதிலும் ஒரு இலை செருகியாக வேண்டும்.
எழுத்து மெதுவாகும், வட்டு வீங்கும்,
திங்கட்கிழமை கோபன்ஹேகன் கேள்வி கேட்கும்.
கேட்கட்டும்.

வேர், கிளை, கிளை, இலை.
நான்கு லியோட்டுன்கள்.
ஒருத்தி இறந்துவிட்டாள். ஒருத்திக்கு இரண்டு வயது.
ஒருத்தி நேற்று மாலைதான் தெற்கே பல் பிடுங்கியிருக்கிறாள்.
மிச்சமிருந்தவளின் வரியில், சிவப்பில்: பெனிசிலின் கூடாது.
போனில் உலோகத் தட்டு ஒன்று
மேசைமேல் திரும்ப வைக்கப்படும் சத்தம்.

குழந்தை மூவாயிரத்து நானூற்றுப் பத்து கிராம்.
காகிதத்திலிருந்து நானே ஏற்றினேன்.

ஏழு மணிக்கு அவள் கண் விழித்து
முதலில் கேட்டது நாயைத்தானாம்.
அதற்கு என்னிடம் அட்டவணையே இல்லை.
வண்டிக்காரனை எழுப்பினேன்.
இருட்டோடு மேட்டுக்குப் போனான்,
சாலையின் முதல் கம்பத்திலிருந்து
ஒவ்வொரு கம்பமாக.