பின் இருக்கைக்குக் கீழே

தவநேசனின் டொல்பின் வேன்
ஜப்பானில் யாரோ ஓடிக் கழித்தது.
ஏலம், கப்பல், கொழும்பு, பிறகு மூன்று கைமாறி
ஓட்டமாவடிக்கு வந்தது என் கராஜுக்கு,
கியர் விழாமல்.

பின் இருக்கையைக் கழற்றினேன்.
அடியில் ஒடுங்கலாய் ஒரு மரப்பெட்டி,
தூக்கினால் பாரமே இல்லை.
திறந்தேன்.
பட்டு.

சப்ராஸ் மேல்முனையைப் பிடித்தான்,
நான் கீழ்த்தடியை உருட்டிக்கொண்டே குனிந்தேன்.
முதல் இரண்டு முழத்துக்கு ஒன்றும் வரவில்லை,
தேத்தண்ணி நிறத்தில் வெறும் துணி.
"ஏமாத்திட்டானுகள் மச்சான்."
பிறகு ஒரு கிளை,
கிளை மேல் ஏதோ வெள்ளை, வெள்ளைக்குள் சிவப்புப் பூ,
கடைசியில்
கழுத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு
ஒரு குருவி.

டயர் கொழுவும் ஆணியில் தொங்கவிட்டோம்.

மீன்பெட்டி மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு
ஞானசீலன் வந்து பார்த்தான்:
"நம்மட ஆத்துப் பக்கத்துக் குருவி இல்ல இது.
ஆனா குளிருது அதுக்கு."
தேத்தண்ணி கொண்டுவந்த உம்மு ஹானி
வெள்ளையை விரலால் தொட்டு, மோந்து,
"சிப்பிச் சுண்ணாம்பு" என்றாள்,
வெத்திலை போடுகிறவளின் உறுதியோடு.
பூவுக்கு மேல் சுண்ணாம்பை எதற்குக் கொட்டினான்
என்பதற்கு அவளிடமும் பதில் இல்லை.

"இவ்வளவு இடம் சும்மா கெடக்கு,
கராஜ் நம்பரை எழுதுவமா?"
சப்ராஸ் பெயின்ற் டின்னைக்கூடத் திறந்துவிட்டான்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்று கேட்டதற்குச் சொல்லத் தெரியவில்லை.
குருவி அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கச்சான் காற்று அடித்த நாட்கள்.
கீழ்த்தடி சுவரில் டொக் டொக்கென்று தட்டும்.
யாரது என்று இரண்டு தரம் திரும்பிக் கேட்டேன்,
வேனுக்கு அடியில் படுத்தபடி.

லுஹருக்கும் அஸருக்கும்
பாய் விரிக்குமுன் அதைச் சுருட்டிக் கட்டுவேன்,
உருவம் முன்னால் இருக்கக் கூடாது.
சுருட்டும்போது முதலில் போவது குருவி.
அவிழ்க்கும்போது கடைசியில் வருவதும் அதுவே.
இடையில் கிடக்கும் வெறும் துணியை
நாளுக்கு நாலு தரம் கடந்தேன்.
பழக்கமாகிவிட்டது.
கியர்பொக்ஸ் கையில் இருக்கும்போதும்
அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

ஒன்பதாம் நாள் கியர் விழுந்தது.

"இது உங்கட வேனுக்குள்ள கெடந்தது."
தவநேசன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.
வாங்கிக்கொள்வாரோ, எனக்கே தந்துவிடுவாரோ என்று
என் நெஞ்சு அடித்ததை மறைக்க
போனெட்டை மூடினேன்.
"இருந்த இடத்திலயே இருக்கட்டும்.
பிரேக்கையும் பாத்தீங்கதானே?"

பெட்டியை வைத்து இருக்கையை முடுக்கினேன்,
நாலு போல்ட்.
நாளைக்கு விடிய, கிரானிலிருந்து
பதினெட்டுப் பள்ளிப் பிள்ளைகள்
அந்தக் குளிருக்கு மேல் நெருக்கியடித்து
உட்கார்ந்து போவார்கள்.

பில்லில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
கடைசியாய்ச் சுருட்டியதில் ஒட்டிய வெள்ளை
பெருவிரலில் கிடந்தது.
கிறீஸ் துடைக்கிற துணியால் துடைக்கவில்லை.
மஃரிபுக்கு உளூச் செய்தபோது
தண்ணீரோடு போனது.