நூறு ஓம்-மீட்டர்

மண்ணைத் தெரியாதவர்கள் நூறு என்று எழுதுவார்கள்.
நானும் எழுதினேன்,
ரெய்க்யவிக்கில், நாலாம் மாடியில்,
ஆறிப்போன காப்பியை நகர்த்தி வைத்துவிட்டு.

ஹ்ரவுன்டால் மின்தடம், அறுபத்திரண்டு கிலோமீட்டர்.
நேர்வரிசைக்கு ஒரு மின்மறிப்பு.
எதிர்வரிசைக்கும் அதுவே,
எந்தப் பக்கம் சுற்றினால் கம்பிக்கென்ன?
சுழிவரிசைக்கு மட்டும்
மண்ணைக் கேட்க வேண்டும்.
கேட்கவில்லை.

மூன்று ஃபேஸும் சமமாக ஓடும்வரை
மண்ணுக்கு வேலையில்லை.
ஒன்றின் கடனை மற்ற இரண்டும் அடைத்துவிடும்,
கூட்டினால் பூஜ்யம்.
பதினோரு மாதம் அப்படியே போனது.
என் நூறு
ரிலேயின் வயிற்றில் சும்மா கிடந்தது.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
தொடை கனத்துக்குப் பனிக்கட்டி ஏறிய நடுக்கம்பி
அறுந்து பாறையில் விழுந்தது.
ரிலே சொன்னது:
நாற்பத்தாறு புள்ளி இரண்டாவது கிலோமீட்டர்.
தசமம் இருந்தால் நம்பிவிடுகிறோம்.

ஒட்டுரும் ஹல்பேராவும் பனிவண்டியில் போனார்கள்.
நாற்பத்தாறில்
மூன்று கம்பியும் ஒழுங்காகத் தொங்கின.
அறுந்தது ஏழு கிலோமீட்டர் பின்னால்,
அவர்கள் போன வழியிலேயே,
புயலில் கண்ணுக்குத் தெரியாமல் கடந்த
ஒரு கோபுரத்தின் அடியில்.
வண்டி நின்றுபோனது. நடந்து தேடினார்கள்.

ஒட்டுர் இடதுகைக்காரன்.
அந்தக் கையில் இரண்டு விரல்நுனி இப்போது இல்லை.

ஹல்பேரா போனில் கத்தவில்லை.
"இது எரிமலை கக்கின கல்.
பாசியே நூறு வருஷம் யோசித்துத்தான் முளைக்கிறது.
உன் மின்சாரம் மட்டும்
சேற்றில் போவதுபோல் போய்விடுமா?"

ஜூனில் அளக்கப் போனோம். இரவே இல்லை.
அந்த முனையில் அவள்
மூன்று கம்பியையும் ஒன்றாய்க் கட்டித் தரையில் சேர்த்தாள்.
இந்த முனையில் நான்
மூன்றுக்கும் ஒரே நேரத்தில் ஒரே மின்சாரம் கொடுத்தேன்.
முந்துவதில்லை, பிந்துவதில்லை,
மூன்று பேர் ஒரே சொல்லைக் கத்துவதுபோல.
திரும்பி வரக் கம்பி கிடையாது.
பூமிதான்.

மேல்கல் வழிவிடவில்லை.
ஆறு கிலோமீட்டருக்கும் கீழே
யாரோ ஒரு கம்பி புதைத்திருப்பதாக
வைத்துக்கொள்ளச் சொல்கிறது கணக்கு.
அதையும் வைத்துக்கொண்டேன்.

மீட்டரை நான் வாசிக்க
ஒட்டுர் எழுதினான்,
இன்னும் பழகாத வலதுகையால், கோணல்மாணலாக.
பாதியில் நிமிர்ந்து கேட்டான்:
"தசமமும் வேண்டுமா?"