கூரைமேல் ஒரு பபுச்

எங்கள் எஸ்கிஷெஹிரில் அந்தச் சொல்லுக்கு
ஒரு ஜோடி கால் போதாது.

பபுச் என்றால் செருப்பு.
கதவருகே கழற்றிப் போட்டது, குதி மடங்கியது,
வலதும் இடதும் சண்டை போட்டதுபோல் கிடப்பது.

டிராம் பணிமனையில் என் மனைவி நெஜிஹே
"எழுபதில் ஒரு பபுச் கொடு" என்றால் அது வேறு:
மின்கம்பி முனையில் நசுக்கிப் பொருத்தும் செப்புக் குழல்.
தட்டையாக ஒரு நாக்கு, நாக்கில் ஒரு துளை.
சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் பிரேக் கட்டையும் பபுச்தான்.
தேயும். கருகிய ரொட்டி வாசம் வரும்.
மாற்றிவிட வேண்டும்.

பதினோரு வருஷம் அங்கே.
மேற்பார்வையாளர் ஒர்ஹூன் சொல்வார்,
இவளுக்கு பபுச் அளவு நாக்கு என்று.
"எத்தனாம் நம்பர்?" என்று கேட்டாள்.
வேறு சாட்சி தேவைப்படவில்லை.

மாதக் கடைசியில் எல்லாருடைய இரண்டு காலையும்
ஒரே பபுச்சில் திணிப்பார்கள்;
அவசரப்படுத்துவதற்கு அப்படிப் பெயர்.
ஆபத்து தெரிந்தால் "பபுச் விலை அதிகம்" என்று நழுவலாம்.
மிரட்டினாலும் பபுச்சை விட்டுவிட்டு ஓடாத ஆட்களும் உண்டு.
இவள் அந்த ரகம்.

மார்ச்சில் தெனிஸ்லியிலிருந்து ஒரு பையன் வந்தான்,
மடிக்கணினியோடு, யாருக்கோ மருமகன்.
முதலில் ஜன்னலோர நாற்காலி போயிற்று.
பிறகு சாவிக்கொத்து.
பிறகு கையெழுத்து.
"என் பபுச்சைக் கூரைமேல் எறிந்துவிட்டார்கள்" என்றாள்
கோட்டைக்கூடக் கழற்றாமல்.
புதியவர் வந்து பழையவர் செல்லாக்காசானால்
நாங்கள் சொல்வது அதுதான்.

பருப்பு சூப் கிண்டிக்கொண்டிருந்தேன்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
பிழிந்த எலுமிச்சையை மறுபடி பிழிந்தேன்.
ஒரே புளிப்பு.
இருவரும் மீதி வைக்காமல் குடித்தோம்.

மே மாதம் வேறு வேலை கிடைத்தது:
வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடு பொருத்துவது.
முதல் நாள் ஏணி பிடிக்கப் போன நான்
கை சும்மா இருக்காமல் மேலே ஏறிவிட்டேன்.

புகைபோக்கிக்குப் பின்னால்
நிஜமாகவே ஒரு செருப்பு.
குழந்தையினது, பச்சை பிளாஸ்டிக்,
ஓரமெல்லாம் பாசி,
உள்ளே ஒரு கரண்டி மழைத்தண்ணீர்.

"நெஜிஹே, இங்கே பாரேன்" என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதுவிடுவாளோ என்றும்.

அவள் திரும்பவில்லை.
உதட்டில் இரண்டு திருகாணி, கையில் இடுக்கி.
பல்லிடுக்கில் பேசினாள்:

"அது கிடக்கட்டும்.
அந்தப் பையில் பார்,
பதினாறில் நாலு பபுச் எடு."